உன்சிலின் புத்தகத்தில் என் மகளின் கையெழுத்து

உன்சிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி எங்கள் சங்கப் பத்திரிகையில் கேட்டிருக்கிறார்கள். பள்ளிச் சமையலறைகளில் வேலை பார்க்கிறவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதவேண்டுமாம். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு அவள் பெயர் வந்தது. வேறு யார் பெயர் வந்திருந்தாலும் அரை மணி நேரத்தில் எழுதி முடித்திருப்பேன். சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப டப்பாவில் போடக் கை போனது. பக்கத்தில் எங்களில் மூத்தவளான கப்ரே அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி மல்சுக், முழி பிதுங்குது? எடுத்த சீட்டை மறுபடி போடுற வேலையெல்லாம் கிடையாது" என்றாள். வைத்துக்கொண்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவள்மேல் பொறாமை. கொஞ்சநஞ்சம் இல்லை, வயிறு எரிகிற பொறாமை. அதை மறைத்துக்கொண்டு நல்ல வார்த்தையாக நாலு எழுதினால் எங்கள் சமையலறையில் மற்ற ஏழு பேரும் சிரிப்பார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவள் முழுப்பெயர் ரியாங் உன்சில். வயது முப்பத்தொன்பது. வட கொரியாவில், சீன எல்லையை ஒட்டிய ஒரு மர ஆலை ஊரில் பிறந்தவள். பள்ளியில் எப்போதும் முதல் மாணவியாம். படித்து முடித்ததும் ஆலையில் மரம் எண்ணுகிற வேலை. சம்பளம் வராத மாதங்களில் வீட்டில் சோயாக்கட்டி செய்து சந்தையில் விற்றிருக்கிறாள். ஒரு குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் நடந்து வந்தாள். சீனாவில் ஏழு வருடம். எப்படி இருந்தாய் என்று கேட்டால் "இருந்தேன்" என்பாள், அதற்குமேல் ஒரு சொல் வராது. பிறகு இங்கே வந்து, புதிதாக வருகிறவர்களுக்கென்று இருக்கிற நிலையத்தில் மூன்று மாதம் தங்கி, இக்சானில் அரசாங்கம் கொடுத்த, நானூறு சதுர அடிகூட இல்லாத வீட்டில் குடியேறினாள்.

எங்கள் பள்ளியில் அவளுக்குக் கொடுத்த பெயர் அட்டையில் 'யாங் உன்சில்' என்று இருந்தது. அந்தக் குடும்பப் பெயரைத் தெற்கே நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அன்றைக்கே பேனாவை எடுத்து முதல் எழுத்தைத் திருத்தி 'ரியாங்' ஆக்கிக்கொண்டாள். அலுவலகத்தில் கேட்டதற்கு, "என் அப்பா பேருங்க, பாதியை ஆத்துல விட்டுட்டு வரலீங்க" என்றாளாம். திமிர் பிடித்தவள் என்று அப்போதே நினைத்தேன். கொஞ்சம் பிடித்தும் இருந்தது. அதுதான் எரிச்சல்.

அறுநூற்று நாற்பது பிள்ளைகளுக்கு நாங்கள் எட்டுப் பேர். காலை ஏழரைக்கு ரப்பர் காலணி மாட்டினால் பாத்திரம் கழுவி முடிக்க மதியம் இரண்டு மணி ஆகிவிடும். பரிமாறும்போது வரிசையில் கிம்ச்சி, அதாவது மிளகாய் போட்டு ஊறவைத்த முட்டைக்கோஸ், எனக்கு; கடைசியில் சூப் அவளுக்கு. பதினோரு வருடமாக நான் கிம்ச்சி போடுகிறேன். கிம்ச்சி போடுகிறவளை எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும்? தட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்வார்கள். "கொஞ்சமா சித்தி, கொஞ்சமா!" சமையலறையில் இருக்கிற நாங்கள் எல்லோருமே அவர்களுக்குச் சித்திதான், யாருக்கும் பெயர் கிடையாது.

அந்த அறுநூற்று நாற்பதில் ஒருத்தி என் மகள் சேபோம், எட்டாம் வகுப்பு. போன வருடம் இந்தப் பள்ளியில் சேர்ந்த முதல் நாள் காலையில், செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, வரிசையில என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. ப்ளீஸ்."

"ஏன்டி?"

"சும்மாதான்."

சரி என்றேன். ஒரு வருடத்துக்கு மேல் அதைக் காப்பாற்றினேன். என் வரிசைக்கு வந்ததும் மற்றப் பிள்ளைகள் போலவே தலையைக் குனிந்து, "நன்றிங்க" என்பாள். பெற்றவளுக்கு நன்றிங்க! நான் கோசின் காரமில்லாத உள்ளிலையாகப் பார்த்து அவள் தட்டில் வைப்பேன். எனக்கும் அவளுக்கும் அந்த வரிசையில் இருந்த உறவு அந்த ஒரு இலைதான். வீட்டிலாவது பேசுவாளா? சாப்பிட்டாயா என்றால் "ம்", பள்ளி எப்படி என்றால் "அப்படியேதான்", பிறகு அறைக் கதவு மூடிக்கொள்ளும்.

இந்த நிலையில்தான் உன்சில் வந்து சேர்ந்தாள்.

வடக்கும் தெற்கும் ஒரே பாஷைதான். ஆனால் இங்கே பிள்ளைகள் பேசுவதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. சிரிக்கிறார்களா திட்டுகிறார்களா என்று தெரியாமல் சூப் கரண்டியோடு முழிப்பாள். ஒரு நாள் பாத்திரம் கழுவி முடித்ததும் ஏப்ரனைக் கழற்றிவிட்டு நேராகப் பள்ளி நூலகத்துக்குப் போயிருக்கிறாள். "இந்தப் பிள்ளைங்க பேசுற மாதிரியே எழுதின புத்தகம் ஏதாவது இருக்குங்களா? எனக்கு வார்த்தை வேணும்" என்று கேட்டிருக்கிறாள். மேசையில் இருந்த மாணவி யோசித்து ஒரு நாவலை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பெயர் 'ஜன்னலோர வரிசை'. துறைமுக ஊர் ஒன்றில் படிக்கிற பதினான்கு வயதுப் பெண், ஒரே வருடத்தில் கூட்டாளிகளை இழந்து, மறுபடி ஆள் தேடி, வளர்கிற கதை. எடுத்துக் கொடுத்த மாணவி சேபோம். அவள் என் மகள் என்று உன்சிலுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதுதானே ஒப்பந்தம்.

வேலை முடிந்து நாங்களெல்லாம் ஓய்வறையின் சூடான தரையில் முதுகைப் போட்டுப் படுத்திருப்போம். உன்சில் மட்டும் சுவரில் சாய்ந்து படிப்பாள். அகராதி பார்க்கமாட்டாள். தெரியாத சொல் மூன்று இடத்தில் வந்தால் அர்த்தம் தானாக வந்துவிடும் என்பது அவள் கணக்கு. மூன்றாவது தடவை கண்டதும் நோட்டில் எழுதிக்கொள்வாள்.

இந்தக் கணக்கு மே மாதத்தில் அவளைக் கவிழ்த்தது. அன்று தலைமையாசிரியர் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார். சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது பற்றிப் பிள்ளைகளிடம் பத்து நிமிடம் பேசினார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு சூப் வரிசையில் வந்து நின்றார். உன்சில் இடுப்பு வரை குனிந்து, கூடம் முழுக்கக் கேட்கிற குரலில், "வாங்க பெருசு ஐயா!" என்றாள்.

கரண்டிகள் நின்றுவிட்டன. பிறகு கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. நாவலில் பிள்ளைகள் தங்கள் வகுப்பாசிரியரைப் பக்கத்துக்குப் பக்கம் 'பெருசு' என்றுதான் சொல்கிறார்களாம். மூன்று தடவை என்ன, முப்பது தடவை வந்திருக்கிறது. 'பெருசு: ஆசிரியர்' என்று நோட்டில் எழுதி வைத்திருந்தவள், மரியாதைக்கு ஒரு 'ஐயா'வையும் சேர்த்துக்கொண்டாள். தலைமையாசிரியர் காது வரை சிவந்து, "சூப் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார், இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்காமல்.

அவளைத் துரத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். நடந்ததோ வேறு. மறுநாளிலிருந்து சூப் வரிசையில் திருவிழாக் கூட்டம். சூப்பே வாங்காத பையன்கள்கூட, "உன்சில் சித்தி, இன்னைக்கு என்ன வார்த்தை?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். உன்சில் சித்தி! பதினோரு வருடம் நின்ற எனக்கில்லாத பெயர் அவளுக்குப் பத்து வாரத்தில் கிடைத்தது. சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் சேபோமும் நின்றாள்.

"சித்தி, எத்தனாவது பக்கம்?"

"நூத்திப் பதினாலு. அந்த மழை நாள்."

"ஐயோ, அங்கதானா! நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம்!"

எனக்கு "நன்றிங்க". அங்கே நாலடி தள்ளி "ஐயோ". என் மகள் குதித்துப் பேசி நான் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். கையிலிருந்த இடுக்கியில் கிம்ச்சி அப்படியே தொங்கியது. தினமும் இதே பக்கக் கணக்கு. நூற்று இருபது. நூற்று முப்பத்திரண்டு. அந்த எண் ஏற ஏற எனக்கு இரத்த அழுத்தம் ஏறியது.

வீட்டில் ஒரு நாள் நானாகவே வாயைக் கொடுத்தேன். "ஏதோ நாவலாமே, உங்க பள்ளியில எல்லாரும் பேசிக்கிறாங்க."

"உனக்கு யாரு சொன்னா?"

"சமையலறையில கேட்டேன். நானும் படிக்கட்டுமா?"

"உனக்குப் பிடிக்காதும்மா. கதை ரொம்ப மெதுவாப் போகும்."

எல்லை தாண்டி வந்தவளுக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காதாம். ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டு மசானில் தையல் தொழிற்சாலைக்குப் போனவள்தான் நான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் தாய்மொழியை நான் மெதுவாகவா படிப்பேன்?

ஜூன் கடைசியில் உன்சில் ஒரு புது வேலை ஆரம்பித்தாள். சேபோம் சூப்புக்கு வந்து நின்றால், "இங்க தீந்துபோச்சு, அந்தக் கிம்ச்சி அக்காகிட்ட கேளு" என்பாள். அண்டாவில் சூப் கழுத்து வரை நிற்கும். சேபோம் என்னைப் பார்ப்பாள், பிறகு தட்டைப் பார்ப்பாள், அப்படியே போய்விடுவாள். நான் என்ன நினைத்திருப்பேன்? இவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, என்னைக் குத்திக்காட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை உன்சில் மணிக்கட்டு வலிக்கு மருத்துவரிடம் காட்ட முன்னதாகவே கிளம்பிவிட்டாள். புத்தகம் அவள் அலமாரியில் இருந்தது. எங்கள் அலமாரிகளுக்குப் பூட்டு கிடையாது. என் திட்டம் இதுதான்: கடைசிப் பக்கங்களைப் படித்து முடிவைத் தெரிந்துகொண்டு, மறுநாள் அவள் முகத்தைப் பார்த்து அதைப் போட்டு உடைப்பது. நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு திட்டம். மற்றவர்கள் தூங்கும்வரை காத்திருந்து எடுத்தேன்.

புத்தகம் தானாக நடுவில் திறந்துகொண்டது. பக்கங்களில் மஞ்சள் ஒட்டுத்தாள்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை முன்பே பார்த்திருக்கிறேன், உன்சிலே ஒட்டியது என்று நினைத்திருந்தேன். அதில் சேபோமின் குண்டு எழுத்து. பெருசு விஷயம் நடந்த பிறகு, கடினமான சொற்களுக்கெல்லாம் அர்த்தம் எழுதி ஒட்டிக் கொடுத்திருக்கிறாள்.

'செம: நல்லதுக்கும் சொல்லலாம், கெட்டதுக்கும் சொல்லலாம். தலைமையாசிரியருக்கு மட்டும் சொல்லாதீங்க.'

சிரிப்பு வந்துவிட்டது. அடுத்ததைப் புரட்டினேன்.

'தனிச்சோறு: கூட உக்கார ஆள் இல்லாம சாப்பிடறது. எ.கா: நான், ஆறாம் வகுப்பு, நாலு மாசம்.'

நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் வீட்டுக்கு வந்தவளிடம் மதியம் என்ன சாப்பிட்டாய் என்று தினமும் கேட்டேன். யாரோடு சாப்பிட்டாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

நூற்று ஐம்பத்தாறாம் பக்கத்தில் பெரிய தாள்.

'மனத்தாங்கல்: கோபம் இல்லை. வருத்தமும் இல்லை. வேண்டியவங்க மேல மட்டும்தான் வரும். எ.கா: கிம்ச்சி போடறது எங்க அம்மா. என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதன்னு நான்தான் சொன்னேன். அப்ப வெட்கமா இருந்துச்சு. இப்ப இல்லை. ஆனா இப்ப திடீர்னு எப்படிக் கூப்பிடறது? அம்மாவுக்கு என்மேல மனத்தாங்கல்.'

அதன் கீழே பென்சிலில், வலப்பக்கம் சாய்ந்த உன்சிலின் கையெழுத்து. இரண்டே சொல்.

'அம்மாவுக்கு வேலையில்ல.'

புத்தியுள்ளவளாக இருந்தால் மகள் எழுதியதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அங்கேயே ஒரு பாட்டம் அழுதிருப்பேன். நான் கீழே இருந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். வேலையில்லையா? என் மகள் விஷயத்தில் எனக்கு வேலையில்லை என்று இவள் யார் எழுத? நாங்கள் ஒருவரிடம் வேலையில்ல என்று சொன்னால், நீ வேண்டாம், போய்க்கொண்டே இரு என்று அர்த்தம். வடக்கே அதற்கு வேறு அர்த்தம் உண்டு என்று எப்போதோ டிவியில் கேட்டிருப்பேன். பொறாமைக்காரிக்கு அதெல்லாம் எங்கே நினைவுக்கு வரும்? புத்தகத்தை என் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் புதன்கிழமை. புதன் என்றால் எங்கள் பள்ளியில் மிச்சம் வைக்காத நாள், பிள்ளைகளுக்குப் பிடித்ததாகச் சமைப்போம். அன்று பொரித்த கோழி. கூடம் நிரம்பி வழிந்தது. உன்சில் காலையிலிருந்து அலமாரியையும் பையையும் உருட்டிக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு உள்ளே வந்தது. சேபோம் எனக்கு "நன்றிங்க" சொல்லிவிட்டு நேராக அங்கே போனாள்.

"சித்தி, எத்தனாவது பக்கம்?"

"பக்கமா? புத்தகத்தையே காணோம்டா கண்ணு. எங்க வெச்சேன்னு தெரியல."

கண்ணாம். நான் ஏப்ரனுக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்துச் சூப் மேடையில் அடித்தேன். சூப் தெறித்தது.

"இந்தா உன் புத்தகம். யாருடி வேலையில்லாதவ? சொல்லு!"

உன்சில் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அக்கா, பிள்ளைங்க நிக்குது. உள்ள போய்ப் பேசலாம்."

"எதுக்கு உள்ள? பத்து மாசம் சுமந்தவளுக்கு வேலையில்ல, ஆத்தைத் தாண்டி நேத்து வந்தவளுக்கு வேலையா? உனக்கு வார்த்தை வேணும்னா கடையில போய் வாங்கு! என் பொண்ணை எதுக்குடி எடுத்துக்கிற?"

சொல்லும்போதே தெரிந்தது, ஆற்றை இழுத்திருக்கக்கூடாது. உன்சிலின் முகம் வெளுத்தது. ஆனால் அழுகிற ரகம் இல்லை அவள். கரண்டியை அண்டாவின் விளிம்பில் மெதுவாக வைத்தாள்.

"நீங்க சரியான பெருசு" என்றாள். இந்தத் தடவை அர்த்தம் தெரிந்தே சொன்னாள்.

நான் மேடையைச் சுற்றிக்கொண்டு போனேன். எதற்குப் போனேன், அடிக்கவா என்று இன்றைக்கும் தெரியாது.

"அம்மா!"

கூடம் அப்படியே நின்றது. சேபோம் தட்டைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். முகம் சிவந்து கண் நிறைந்திருந்தது. பின்னாலிருந்து ஒரு பையன், "அம்மாவா? கிம்ச்சி சித்தியா?" என்றான்.

"ஆமா, எங்கம்மாதான். இப்ப என்னங்கிற?" என்று அவனைப் பார்த்துக் கத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, அவங்க ஊர்ல வேலையில்லன்னா பரவாயில்லைன்னு அர்த்தம். ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதன்னு அர்த்தம். நான் போய்க் கூப்பிட்டா அம்மா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்கன்னு எழுதியிருக்காங்க. தெனமும் என்னை உன்கிட்ட அனுப்பினாங்க, நான்தான் வரலை. உனக்கு எதுவுமே ஒழுங்காப் படிக்கத் தெரியாதாம்மா?"

"அந்த வார்த்தையை நாக்கிலிருந்து எடுத்துட்டேன், அக்கா. கை இன்னும் மறக்கல" என்றாள் உன்சில். பிறகு, "ஆறு பத்திச் சொன்னீங்களே, அதுக்கு மட்டும் நான் பரவாயில்லைன்னு சொல்லமாட்டேன்" என்றாள்.

கப்ரே அக்கா என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். "கோழி ஆறுது, நாடகம் பாத்தது போதும், நகருங்க" என்று அவள் பிள்ளைகளை விரட்டுவது கேட்டது.

அன்று சாயங்காலமே உன்சிலின் வீட்டு வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் நான் அரிசி மூட்டையை ஒற்றையாக இழுப்பதைப் பார்த்து, வந்து மறுமுனையைப் பிடித்தாள். "பெருசுங்க தனியா தூக்கக்கூடாது" என்றாள். அவளுக்கு அதோடு முடிந்துவிட்டது. அவள் மனசு அப்படி. நாவலையும் முடித்துவிட்டு இப்போது வேறொன்று படிக்கிறாள். அடுத்த மாதம் சமையல் சான்றிதழுக்கு எழுத்துத் தேர்வு எழுதப்போகிறாள். தேறிவிடுவாள், எனக்குத் தெரியும். நான் இரண்டு தடவை எழுதிக் கோட்டைவிட்ட தேர்வு அது.

சேபோம் இப்போது வரிசையில் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். "அம்மா, இன்னைக்கு வேண்டாம்மா, ரொம்பக் காரம்" என்பாள். பின்னால் நிற்கிற பிள்ளைகள், "சேபோம் அம்மா, எங்களுக்கும் வேண்டாம்" என்கிறார்கள். எனக்கும் ஒரு பெயர் வந்துவிட்டது. மனம் நிறைந்துதான் போகிறது, பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று. அத்தனை நாள் நான் காத்திருந்த அந்தச் சொல், அறுநூறு பேர் முன்னால் என் மகள் வாயிலிருந்து வந்தபோது, எனக்காக வரவில்லை. என்னிடமிருந்து உன்சிலைக் காப்பாற்றுவதற்காக வந்தது. உன்சில் என்னை மன்னித்துவிட்டாள். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.